ஐந்து வாரத்தில் உருவான விளையாட்டு

திரைப்படங்களைத் தழுவி எழுந்த பழைய வீடியோ விளையாட்டுகள் என்றதும், "அவை படத்தின் பெயரை விற்றுப் பிழைத்தவை, தரம் கெட்டவை" என்று கூறிவிடுவது வழக்கமாகிவிட்டது. அக்கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் அவ்வாறு கூறுவோருள் பலர் அவ்விளையாட்டுகளை ஒரு முறையேனும் ஆடிப் பார்த்தவரல்லர். எனவே அவற்றுள் மிகவும் இகழப்பட்ட ஒன்றையே எடுத்துக்கொண்டு, அது எவ்வாறு உருவாயிற்று என்பதைச் சற்றுப் பொறுமையோடு நோக்குவோம்.

1982-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய 'ஈ.டி.' என்னும் படம் அமெரிக்காவில் வெளிவந்தது. தன் இனத்தாரால் பூமியில் தவறவிடப்பட்ட வேற்றுலக உயிர் ஒன்றை எலியட் என்னும் சிறுவன் தன் வீட்டில் ஒளித்து வைத்துப் பேணுவதே அதன் கதை. அந்நாளில் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடும் கருவிகளை விற்றுப் பெரும்பொருள் ஈட்டி வந்த 'அட்டாரி' நிறுவனம், இக்கதையை விளையாட்டாக்கும் உரிமைக்கு 2 கோடி டாலருக்கும் மேல் கொடுத்ததாகச் சொல்வர். பேச்சு முடிந்தபோது ஜூலை மாதமும் முடியும் தறுவாயில் இருந்தது. கிறிஸ்துமஸ் விற்பனைக்குச் சரக்கு கடைக்கு வந்து சேரவேண்டுமெனில், செப்டம்பர் முதல் தேதிக்குள் விளையாட்டு ஆயத்தமாக வேண்டும். பல மாதங்கள் பிடிக்கும் அவ்வேலைக்குக் கிடைத்தவை ஏறத்தாழ ஐந்தே வாரங்கள்.

அப்பொறுப்பை ஏற்றவர் ஹோவர்டு ஸ்காட் வார்ஷா என்னும் 25 வயது இளைஞர். ஸ்பீல்பெர்க்கின் மற்றொரு படமான 'ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்' என்பதையும் விளையாட்டாக்கியவர் அவரே. விவிலியம் கூறும் உடன்படிக்கைப் பேழையைத் தேடிச் செல்லும் அந்த விளையாட்டில், ஒருவரே இரண்டு ஜாய்ஸ்டிக்குகளைக் கையாள வேண்டும்: ஒன்று வீரனை நடத்த, மற்றொன்று அவனுடைய பொருள்களைத் தெரிந்தெடுக்க. இரண்டு கைகளும் போதாமல் திண்டாடியவர் பலர்! ஈ.டி.யையும் 'பேக்-மேன்' போன்ற எளிய ஆட்டமாகச் செய்துவிடலாமே என்று ஸ்பீல்பெர்க் கேட்டாராம். வார்ஷா இசையவில்லை. படத்தின் ஏக்கம் ஆட்டத்திலும் இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். வீட்டிலேயே ஒரு கருவியை நிறுவிக்கொண்டு இரவு பகலாக உழைத்தார். படங்களை அமைக்க ஜெரோம் டொமுராட் என்னும் ஓவியர் துணைநின்றார்.

அவர்களுக்கு வாய்த்த கருவியின் எளிமையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அட்டாரி 2600 என்னும் அக்கருவியின் நினைவகம் 128 பைட்டு. அதாவது 128 ஆங்கில எழுத்துகளை மட்டுமே அதில் வைக்கலாம். ஒரு தபால் அட்டையில் எழுதும் செய்திகூட அதில் அடங்காது. அத்துணை எளிய கருவியில் ஒரு காடு, ஓர் ஊர், பல குழிகள், துரத்தும் அதிகாரி, பிடித்துச் செல்லும் விஞ்ஞானி, உதவ வரும் எலியட் ஆகிய அனைவரையும் அவர் குடியமர்த்தினார்.

ஆட்டம் இதுதான். குழிகளில் சிதறிக் கிடக்கும் தொலைபேசியின் மூன்று உறுப்புகளையும் சேர்த்துத் தன் இனத்தாரை அழைத்து, குறித்த நேரத்தில் காட்டை அடைந்து ஈ.டி. வீடு திரும்ப வேண்டும். நடக்க நடக்க அதன் வலிமை குன்றும். வழியில் கிடக்கும் மிட்டாய்களை உண்டு தேறலாம். உண்ணாமல் ஒன்பது சேர்த்து எலியட்டிடம் கொடுத்தால் அவன் ஓர் உறுப்பைக் கொண்டுவந்து தருவான். வலிமை முற்றிலும் அற்று விழுந்தால், அதே சிறுவன் ஓடிவந்து உயிர்ப்பிப்பான். ஒரு குழியில் வாடிய பூ ஒன்று கிடக்கிறது; அதையும் ஈ.டி. மலரச் செய்யலாம். ஆட்டம் முழுவதிலும் சுடுவதற்குத் துப்பாக்கி இல்லை, கொல்வதற்குப் பகைவரும் இல்லை. 1982-ஆம் ஆண்டின் விளையாட்டுக் கடையில் இது எத்துணை அரிய சரக்கு!

குறையும் பெரிதே. ஈ.டி.யின் உருவத்தில் ஓர் ஓரம் குழியின் விளிம்பில் பட்டாலும் அது உள்ளே விழுந்துவிடும். கழுத்தை நீட்டி மேலெழுந்து வந்தால் மீண்டும் விழும். ஆடும் பிள்ளைக்குத் தான் செய்த பிழை யாதென்றே விளங்காது. இன்னும் சில வாரங்கள் கிடைத்திருந்தால் இதைச் செப்பனிட்டிருக்கலாம்.

ஏறத்தாழ 15 இலட்சம் பிரதிகள் விற்றன. ஆயினும் நிறுவனம் அதைவிட மிகுதியாகச் செய்து குவித்திருந்தது. 1983-ஆம் ஆண்டில் அட்டாரிக்கு 50 கோடி டாலருக்கும் மேல் நட்டம். விற்காத சரக்கை லாரிகளில் ஏற்றி, நியூ மெக்சிகோ மாநிலத்து அலமகோர்டோ ஊரின் குப்பைக் கிடங்கில் புதைத்தனர். ஒரே ஒரு விளையாட்டு ஒரு தொழிலையே கவிழ்த்தது என்ற கதை அன்று பிறந்தது. இது நியாயமன்று. எண்ணற்ற நிறுவனங்கள் தரமற்ற ஆட்டங்களைச் சந்தையில் கொட்டின, விலைகள் சரிந்தன, அட்டாரியோ தேவையை அறியாமல் உற்பத்தி செய்தது. உரிமைக்குப் பெருந்தொகை கொடுத்தவர்களும் தவணை குறித்தவர்களும் மறக்கப்பட்டனர். பழி உழைத்தவர் தலையில் விழுந்தது. வார்ஷா பிற்காலத்தில் மனநல ஆலோசகரானார். 2014-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அக்கிடங்கைத் தோண்டியபோது அவரும் அங்கிருந்தார். சுமார் 1,300 கார்ட்ரிட்ஜுகள் வெளிவந்தன. அவற்றுள் பல ஏலத்தில் விற்று 1 இலட்சம் டாலருக்கும் மேல் ஈட்டின. தோண்டியெடுத்த ஈ.டி. ஒன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இடம்பெற்றது.

காலம் கொடுத்தால் என்ன விளையும் என்பதற்கும் சான்று உண்டு. ஜேம்ஸ் பாண்ட் கதையான 'கோல்டன்ஐ' படம் 1995-இல் வெளிவந்தது. அதன் விளையாட்டோ 1997 ஆகஸ்டில்தான் வந்தது. இங்கிலாந்தின் 'ரேர்' நிறுவனத்தில் அதைச் செய்த சிறு குழுவினருள் பெரும்பாலோர் இத்தொழிலுக்குப் புதியவர். மார்ட்டின் ஹாலிஸ் தலைமையில் அவர்கள் படப்பிடிப்பு அரங்குகளுக்கே சென்று பார்த்துக் கட்டடங்களை அமைத்தனர். எதிரிகள் எங்கு நிற்பர் என்பதைப் பின்னரே முடிவு செய்தனர். ஆகையால் அக்கட்டடங்கள் மெய்யான இடங்களைப் போலவே தோன்றும். 80 இலட்சத்துக்கும் மேல் விற்ற ஆட்டம் அது.

சுடுவதே வேலையாக உள்ள அந்த ஆட்டத்தைப் பற்றி ஹாலிஸ் சொன்ன செய்தி ஒன்று குறிப்பிடத்தக்கது. நின்டெண்டோவின் புகழ்பெற்ற வடிவமைப்பாளர் ஷிகேரு மியாமொட்டோ, மிக அருகில் நின்று கொல்லும் காட்சிகள் மிகுதி என்று ஃபாக்ஸ் அனுப்பினாராம். ஆட்டத்தின் முடிவில் பாண்ட் மருத்துவமனைக்குச் சென்று தன் பகைவர் அனைவரோடும் கைகுலுக்கினால் நன்று என்றும் எழுதினாராம். பங்குக் குரு ஒருவர் இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்! அவ்வாறே செய்யவில்லை எனினும், கதைமாந்தரை நடிகர்களைப் போல் இறுதியில் அறிமுகப்படுத்தி, "இது வெறும் படமே" என்று ஹாலிஸ் உணர்த்தினார். உரிமைச் சிக்கல்களால் நெடுங்காலம் மறுவெளியீடு காணாத அவ்வாட்டம் 2023 ஜனவரியில்தான் மீண்டும் வெளிவந்தது.

'அலாதீன்' படத்துக்கோ 1993-இல் இரு நிறுவனங்கள் இரு வேறு ஆட்டங்களைச் செய்தன. சேகா கருவிக்கான ஆட்டத்தில் டிஸ்னியின் ஓவியர்களே வரைந்தனர். அங்கே அலாதீன் வாள் வீசுவான். நின்டெண்டோவின் கருவிக்காக காப்காம் செய்ததில் அவன் தாவியும் குதித்துமே வெல்வான். எது சிறந்தது என்னும் வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. என் வாக்கு குதிப்பவனுக்கே.

ஈ.டி.யைப் பிள்ளைகளோடு ஆடிப் பார்க்க விரும்பும் பெற்றோர், முதலில் அதன் கையேட்டைப் படித்துவிட வேண்டும்; திரையின் மேற்பகுதியில் தோன்றும் குறிகளின் பொருள் அதில்தான் உள்ளது. குழியிலிருந்து வெளிவந்ததும் உடனே ஓடாதீர்கள். நிலம் எப்பக்கம் உள்ளது என்று பார்த்து, அப்பக்கமாக மெல்ல நகருங்கள்.