இடது இருக்கையா, பெரிய விமானமா?

அமெரிக்காவில் யுனைடெட், டெல்டா, அமெரிக்கன் போன்ற பெரிய விமான நிறுவனம் ஒன்றில் சில ஆண்டுகள் துணை விமானியாக இருந்தவருக்கு இரண்டு வாய்ப்புகள் ஒரே சமயத்தில் வந்து நிற்கும். போயிங் 737-ல் கேப்டனாகி இடது இருக்கையில் உட்காரலாம். அல்லது போயிங் 777-ல் துணை விமானியாகவே வலது இருக்கையில் அமர்ந்து கண்டம் விட்டுக் கண்டம் பறக்கலாம். தோளில் நான்கு பட்டை கிடைக்கும்போது மூன்று பட்டையோடு யாராவது இருப்பார்களா என்று நமக்குத் தோன்றும். இருக்கிறார்கள். யுனைடெட் நிறுவனம் ஓராண்டில் அறிவித்த கேப்டன் இடங்களில் ஏறத்தாழப் பாதிக்கு ஆள் கிடைக்கவில்லை என்று 2023-ல் செய்தி வந்தது. தகுதியுள்ள துணை விமானிகள் வேண்டிய அளவு இருந்தார்கள். அவர்கள் அந்த இடத்தைக் கேட்கவில்லை.

இரண்டு வகை விமானங்களையும் முதலில் பார்த்துவிடலாம். 737, ஏர்பஸ் ஏ320 போன்றவற்றை நேரோபாடி என்பார்கள். நடுவில் ஒரே நடைபாதை, இரு பக்கமும் மும்மூன்று இருக்கைகள். சென்னையிலிருந்து டெல்லிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஏறுவது இந்த வகையில்தான். 777, 787, ஏ350 எல்லாம் வைட்பாடி. இரண்டு நடைபாதைகள் உண்டு. 737-800 அதிகபட்சம் 79 டன் எடையோடு மேலெழும். 777-300ஈஆர் 351 டன். ஆனால் விமானியின் வாழ்க்கையை மாற்றுவது எடையைவிடப் பறக்கும் தூரம். நேரோபாடி விமானி ஒரே நாளில் மூன்று நான்கு ஊர்களில் இறங்கி ஏறுவார். வைட்பாடி விமானி இரவில் ஏறினால் பதினான்கு மணி நேரம் கழித்து, உடம்பு எந்த ஊர் நேரத்தில் இருக்கிறது என்றே தெரியாமல் வேறொரு கண்டத்தில் இறங்குவார்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை முடிவு செய்வது பணிமூப்பு எண். வேலையில் சேர்ந்த நாளை வைத்து ஒவ்வொரு விமானிக்கும் ஓர் எண் உண்டு. எந்த விமானம், எந்த இருக்கை, எந்த ஊர் தளம், இந்த மாதம் எந்தப் பயணம், எந்த வாரம் விடுமுறை என்பதெல்லாம் அந்த எண்ணின் வரிசைப்படிதான். மேலதிகாரிக்கு வேண்டியவர் என்பதற்காக யாரும் முன்னே போக முடியாது. 1931-ல் தொடங்கிய ‘ஆல்பா’ என்னும் அமெரிக்க விமானிகள் சங்கம் விடாமல் காத்துவரும் முறை இது. இதில் பெரிய நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். வானிலை சரியில்லை, இப்போது கிளம்ப மாட்டேன் என்று சொல்லும் விமானி, அதனால் பதவி உயர்வு போய்விடுமோ என்று பயப்பட வேண்டியதில்லை. அதற்குக் கொடுக்கும் விலையும் பெரிது. இருபது ஆண்டு கேப்டனாக இருந்தவரும் வேறு நிறுவனத்துக்கு மாறினால் கடைசி எண்ணில், துணை விமானியாகத்தான் தொடங்க வேண்டும்.

ஒவ்வொரு தளத்துக்கும், விமானத்துக்கும், இருக்கைக்கும் தனித்தனிப் பட்டியல். எந்தப் பட்டியலுக்குப் போனாலும் ஒருவருடைய எண் ஒன்றுதான். அது எந்தப் பட்டியலில் எங்கே விழுகிறது என்பதுதான் மாறும். 777 துணை விமானிகள் நடுவே அந்த எண் ஓரளவு மேலே இருக்கும். அதே எண்ணை 737 கேப்டன்கள் பட்டியலில் வைத்தால் அடியில் போய் நிற்கும், ஏனென்றால் அங்கே ஏற்கெனவே இருப்பவர்கள் பெரும்பாலும் அவருக்கு மூத்தவர்கள்.

அடியில் நிற்பது என்றால் என்ன? அந்தப் புது கேப்டனுக்கு மாதப் பயணத் திட்டம் எதுவும் கிடைக்காது. ‘ரிசர்வ்’ என்று எழுதிவிடுவார்கள். குறிப்பிட்ட நாட்களில் கூப்பிட்டால் வர வேண்டும். அதிகாலை நான்கு மணிக்குப் போன் வரும். யாரோ ஒரு கேப்டனுக்குக் காய்ச்சல், இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். குடும்பம் டென்வரில், தளம் நியூயார்க்கில் என்றால் வீட்டில் இருந்தபடி காத்திருக்கவும் வழியில்லை. விமான நிலையத்துக்கு அருகே பல விமானிகள் சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீட்டில், அடுக்குக் கட்டிலில் படுத்துக்கொண்டு போன் அடிக்குமா என்று பார்த்திருக்க வேண்டும். கிறிஸ்துமஸ், பிள்ளையின் பிறந்தநாள், பள்ளி விழா எதற்கும் முன்கூட்டி வாக்குக் கொடுக்க முடியாது. அதே எண்ணோடு வைட்பாடியின் வலது இருக்கையில் இருந்தால் மாதத்துக்கு மூன்று நான்கு நீண்ட பயணங்களைத் தானே தேர்ந்தெடுத்துப் போய்வந்து, மீதி நாட்களை வீட்டில் கழிக்கலாம். கேப்டன் பதவியை வேண்டாம் என்றவர்களைக் கோழைகள் என்றோ லட்சியம் இல்லாதவர்கள் என்றோ சொல்வது அநியாயம்.

வலது இருக்கை வேலை எளிது என்றும் எண்ண வேண்டாம். துணை விமானி கேப்டனுக்கு எடுபிடி என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. உண்மையில் ஒரு பயணத்தைக் கேப்டன் ஓட்டினால் அடுத்ததைத் துணை விமானி ஓட்டுவதே வழக்கம். மற்றவர் வானொலியையும் கருவிகளையும் கவனித்துக்கொண்டு, தவறு நேர்கிறதா என்று பார்ப்பார். வைட்பாடியில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அமெரிக்க விதிப்படி இரண்டு விமானிகள் மட்டும் இருந்தால், பணிக்கு வந்து சேரும் வேளையைப் பொறுத்து எட்டு அல்லது ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பறக்கத் திட்டமிடக் கூடாது. மூன்று பேர் என்றால் 13 மணி, நான்கு பேர் என்றால் 17 மணி. அதனால் நீண்ட பயணங்களில் கூடுதல் விமானிகள் முறை வைத்துத் தூங்குவார்கள். பல 777 விமானங்களில் பயணிகளின் தலைக்கு மேலே, கூரைக்குள் குறுகிய படியேறிப் போனால் விமானிகளுக்கான படுக்கைகள் இருக்கும். கேப்டன் அங்கே படுத்திருக்கும்போது விமானம் துணை விமானிகள் கையில்.

அந்தப் பொறுப்பின் கனம் 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக் மேல் தெரிந்தது. ரியோவிலிருந்து பாரிஸ் சென்ற ஏர் பிரான்ஸ் 447-ன் கேப்டன் ஓய்வுக்குப் போய்ச் சில நிமிடங்களே ஆகியிருந்தன. வேகத்தை அளக்கும் குழாய்களில் பனி அடைத்தது, விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்த தானியங்கி விலகிக்கொண்டது. இரண்டு துணை விமானிகள் நள்ளிரவில், நம்ப முடியாத வேகக் காட்டிகளோடு, உயரத்தில் பறந்துகொண்டிருந்த அந்த ஏ330-ஐக் கையால் ஓட்ட வேண்டி வந்தது. மூக்கை மேலே தூக்கியதால் இறக்கைகள் தாங்கும் விசையை இழந்தன. கேப்டன் ஒன்றரை நிமிடத்தில் திரும்பியும் மீட்க முடியவில்லை. தானியங்கி விலகியதிலிருந்து கடலில் விழும்வரை 4 நிமிடம் 23 விநாடி. 228 பேர் இறந்தார்கள்.

கையால் ஓட்டும் பழக்கம் வைட்பாடியில் குறைவு என்பது விமானிகளுக்குத் தெரிந்த கவலை. விமானத்தில் நான்கு பேர், தரையிறக்கம் ஒன்றே ஒன்று. 90 நாட்களுக்குள் மூன்று முறை மேலெழுப்பி, மூன்று முறை தரையிறக்கியிருக்க வேண்டும் என்பது விதி. அது முடியாமல் போய், சிமுலேட்டருக்குப் போய்க் கணக்கைச் சரிசெய்யும் வைட்பாடி விமானிகள் உண்டு. நேரோபாடியில் அந்த எண்ணிக்கை ஒரே வாரத்தில் வந்துவிடும்.

இடது இருக்கையில் கூடுதலாக இருப்பது முடிவெடுக்கும் உரிமை. சட்டப்படி விமானத்துக்கு நேரடிப் பொறுப்பு கேப்டனுடையது. இறுதி அதிகாரமும் அவருடையது. டல்லாஸில் மாலை நேர இடிமழை வரும் என்று தெரிகிறது. கூடுதல் எரிபொருள் வேண்டுமா? எடை கூடினால் சில பயணிகளை இறக்கிவிட நேருமே, பரவாயில்லையா? வானில் வட்டமடித்துக் காத்திருப்பதா, ஆஸ்டினுக்குத் திருப்பிவிடுவதா? துணை விமானி யோசனை சொல்வார், தரையிலிருந்து பயணத்தைத் திட்டமிடும் டிஸ்பாட்சர் கணக்குக் கொடுப்பார். கடைசிச் சொல் கேப்டனுடையது. நாளுக்கு மூன்று நான்கு பயணம் என்றால் இப்படிப்பட்ட கேள்விகள் மூன்று நான்கு மடங்கு.

2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் பறவைக் கூட்டம் மோதி இரண்டு எஞ்சினும் செயலிழந்த ஏ320-ஐ நினைவிருக்கும். அதை அப்போது ஓட்டிக்கொண்டிருந்தவர் துணை விமானி ஜெஃப் ஸ்கைல்ஸ். கேப்டன் சல்லன்பெர்கர் உடனே கட்டுப்பாட்டைத் தன் கைக்கு வாங்கினார். ஸ்கைல்ஸ் எஞ்சினை மீண்டும் உயிர்ப்பிக்கும் வேலையில் இறங்கினார். மோதலிலிருந்து மூன்றரை நிமிடத்தில் விமானம் ஹட்சன் ஆற்றில் இறங்கியது, 155 பேரும் பிழைத்தார்கள். விமான நிலையத்துக்குத் திரும்ப வேண்டாம், ஆற்றில் இறக்குவோம் என்ற முடிவு இடது இருக்கையிலிருந்து வந்தது. வலது இருக்கையில் இருந்த ஸ்கைல்ஸ் கேப்டனாகவும் பறந்து பழகியவர் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

சம்பளத்தைப் பொறுத்தவரை மணிக்கணக்குக் கூலியில் நேரோபாடி கேப்டன் பொதுவாக வைட்பாடி துணை விமானியைவிட மேலே இருப்பார். துணை விமானிக்கு அதே விமானத்தின் கேப்டன் கூலியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. பெரிய விமானத்துக்குக் கூலி கூடுதல் என்றாலும் ஈடாகாது. ஆனால் மூத்த துணை விமானி நல்ல பயணங்களைப் பொறுக்கி எடுத்து அந்த இடைவெளியைச் சுருக்கிவிட முடியும்.

இந்தியாவில் ஏர் இந்தியாவிடம் இரண்டு வகை விமானங்களும் நெடுங்காலமாக உண்டு. ஏ320 குடும்பத்தையே முதுகெலும்பாக வைத்து வளர்ந்த இண்டிகோ 2024 ஏப்ரலில் 30 ஏ350-900 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. பெரிய விமானமா, இடது இருக்கையா என்ற கேள்வி இனி நம் ஊர்ப் பிள்ளைகளில் இன்னும் பலருக்கு வரும்.

விமானி வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். தளம் இருக்கும் ஊரிலேயே வீடு அமைந்தால், இளம் வயதிலேயே நேரோபாடி கேப்டன் ஆகிவிடுங்கள். நிறுவனம் நொடித்தாலும் கேப்டனாகப் பறந்த மணி நேரங்களுக்கு வேறிடத்தில் வேலை தேடும்போது மதிப்பு உண்டு. ஓய்வு வயது 65. பெரிய விமானத்துக்குப் போக அதற்குள் வேண்டிய காலம் இருக்கிறது. வீடு ஓர் ஊரிலும் தளம் வேறோர் ஊரிலும், கைக்குழந்தை தொட்டிலிலும் இருந்தால், சில ஆண்டுகள் வலது இருக்கையிலேயே இருங்கள். எண் அதற்குள் மேலே ஏறியிருக்கும். கேப்டன் இடம் அப்போதும் இருக்கும்.