வட்டின் கடைசி 512 பைட்டுகள்

திருநெல்வேலியை அடுத்த கங்கைகொண்டானில் இன்று சிப்காட் தொழில் வளாகமும், எல்காட் நிறுவனத்தின் தகவல் தொழில்நுட்பச் சிறப்புப் பொருளாதார மண்டலமும் அமைந்துள்ளன. நெல்லைச் சீமையின் அலுவலகங்கள் தங்கள் சர்வர்களை மேகக் கணிமைக்கு, அதாவது தொலைவிலுள்ள பெரும் தரவு மையங்களில் வாடகைக்குக் கிடைக்கும் கணினித் திறனுக்கு, மாற்றுவதன் தேவையை 2023 டிசம்பர் 17, 18 நாள்களின் பெருமழை கண்கூடாகக் காட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி கரைபுரண்டு, திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்தபோது, தாழ்வான தளத்தில் வைத்த எந்தக் கணினிக்கும் காப்பில்லை என்பது தெளிவாயிற்று. மைக்ரோசாப்டின் அசூர் 2015இல் சென்னை, புனே, மும்பை நகரங்களிலும், அமேசான் 2016இல் மும்பையிலும் மேகச் சேவையைத் தொடங்கிவிட்டதால், தரவு நாட்டின் எல்லையைத் தாண்ட வேண்டிய கட்டாயமும் இல்லை.

இம்மாற்றத்தில் இடம்பெயர்வது இரும்புப் பெட்டியன்று; ஒரு கோப்பு. கணினியின் வட்டில் உள்ள இயங்குதளம், மென்பொருள்கள், தரவுகள் அனைத்தையும் உள்ளது உள்ளவாறே அடக்கிய அக்கோப்பு ‘வட்டுப் படிமம்’ எனப்படும். விஎம்வேரின் வி.எம்.டி.கே., மைக்ரோசாப்டின் வி.எச்.டி., அதன் பின்வந்த வி.எச்.டி.எக்ஸ். என இதற்குப் பல வடிவங்கள் உண்டு. ஒரு மேகம் ஏற்கும் எல்லா வடிவங்களையும் மற்றொன்று ஏற்பதில்லை என்பதிலிருந்தே பிழைகள் தொடங்குகின்றன.

அசூருக்கு வட்டை நேரடியாகப் பதிவேற்றுவோர் வி.எச்.டி. வடிவத்தையே, அதிலும் எழுதப்பட்ட தரவுக்கேற்ப வளராமல் முழு அளவையும் தொடக்கத்திலேயே பிடித்துக்கொள்ளும் ‘நிலையளவு’ வகையையே அளிக்க வேண்டும் என்பதோடு, வட்டின் அளவு முழு மெகாபைட்டுகளாகவும் இருத்தல் வேண்டும். ஓலைச்சுவடியின் இறுதி ஏட்டில் எழுதியவர் பெயரும் எழுதி முடித்த நாளும் காணப்படுவதுபோல, இவ்வகைக் கோப்பின் கடைசி 512 பைட்டுகளில்தான் வட்டின் அளவும் வகையும் உருவான நேரமும் பொறிக்கப்பட்டுள்ளன. இவ்வடிவத்தை உருவாக்கிய கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் பெயர், எட்டு பைட் இடத்துக்குள் அடங்குமாறு ஓரெழுத்துக் குறைந்து, அப்பகுதியின் முகப்பில் இன்றும் நிற்கிறது. அதன் தொழில்நுட்பத்தை மைக்ரோசாப்ட் வாங்கியது 2003இல். இந்த 512 பைட்டுகளும் வட்டின் அளவுக்கு மேல் சேர்வதால், 30 ஜிகாபைட் வட்டுக்கான கோப்பு 32,21,22,54,720 பைட்டுகளோடு 512ஐயும் சேர்த்து 32,21,22,55,232 பைட்டுகளாக இருக்க வேண்டும். பழைய வட்டுகளின் உருளை, தலை, பிரிவு என்னும் கணக்கைப் பின்பற்றும் வடிவமாற்றுக் கருவி அளவைச் சற்றே கூட்டிவிட்டாலோ, நகலெடுத்தல் இடையில் அறுந்து வால்பகுதி விடுபட்டாலோ, உள்ளிருக்கும் தரவு பெரும்பாலும் பழுதின்றி இருந்தும் கோப்பு மறுக்கப்படுகிறது. கருவியில் அளவை மாற்றாதிருக்கும் தெரிவைப் பயன்படுத்துவதும், நகலுக்கு முன்னும் பின்னும் ஷா-256 என்னும் சரிபார்ப்பு எண்ணை ஒப்பிடுவதும் இப்பிழைகளில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும்.

இதனினும் ஆபத்தானது ஸ்னாப்ஷாட் சங்கிலி. ஒரு கணத்தில் வட்டின் நிலையைப் பாதுகாத்து, அதன்பின் நேரும் மாற்றங்களைத் தனிக் கோப்பில் எழுதும் இம்முறையில், சேய்க்கோப்பு தன் தாய்க்கோப்பின் அடையாள எண்ணை நினைவில் வைத்திருக்கிறது. தாய்க்கோப்பை யாரேனும் தனியே இயக்கிவிட்டால் எண் மாறி, வி.எம்.டி.கே. வட்டு திறக்க மறுக்கும். எண்ணைக் கையால் திருத்திப் பொருத்திவிடும் வழக்கம் பரவலாக உண்டெனினும், தாய்க்கோப்பின் உள்ளடக்கம் உண்மையில் மாறியிருப்பின் அத்திருத்தம் தரவைச் சத்தமின்றிச் சிதைத்துவிடும் என்பதால் அது தவிர்க்கத்தக்கது. பழைய இடத்திலேயே ஸ்னாப்ஷாட்டுகளை ஒன்றாக்கி, கணினியை முறைப்படி அணைத்தபின் ஒற்றைப் படிமமாக எடுப்பதே நேரிய வழி.

படிமம் ஏற்கப்பட்டும் கணினி எழாதபோது, பிழை பெரும்பாலும் வட்டில் இல்லை. வட்டோடு பேசும் டிரைவர் மென்பொருளில் இருக்கிறது. அசூரின் அடித்தளமான ஹைப்பர்-வி ஒருவகைச் சேமிப்பு வன்பொருளைக் காட்ட, அமேசானின் புதிய நைட்ரோ அமைப்பு என்.வி.எம்.இ. வகையைக் காட்டுகிறது. அவற்றுக்குரிய டிரைவர், லினக்ஸ் தொடங்கும்போது முதலில் நினைவகத்தில் ஏறும் சிறு கோப்புத் தொகுதிக்குள் இல்லையெனில், இயங்குதளம் உள்ள வட்டைக் காணவில்லை என்று இயக்கம் நின்றுவிடும். விண்டோஸ் இதையே 7பி என்னும் நீலத்திரைக் குறியீட்டால் அறிவிக்கிறது. புறப்படுமுன்பே டிரைவர்களைச் சேர்த்து அத்தொகுதியை மறுபடி உருவாக்கி, வட்டுகளைச் சாதனப் பெயரால் குறிக்காமல் மாறாத அடையாள எண்ணால் குறித்தால், இத்தொல்லை பெரிதும் குறையும்.

புதிய இடத்தில் உள்நுழைவுத் திரை தோன்றுவதை வெற்றியென்று கொள்ளலாகாது. தரவுத்தளம் திறந்து, அண்மைக்காலப் பதிவுகள் சரிபார்க்கப்படும்வரை பழைய வட்டை அழிக்காமல், வெள்ளம் எட்டாத உயரத்தில் அணைத்து வைத்திருங்கள்.