பெங்களூருவில் ஓர் அடுப்பு

வேலைக்கான உத்தரவு கைக்கு வந்ததும் வீட்டில் இனிப்பு வழங்கப்படுகிறது. அடுத்த வாரமே பெட்டி கட்டப்படுகிறது. புதிய சட்டைகள், போர்வை, சான்றிதழ்கள், அம்மா இடித்துக் கொடுத்த பருப்புப் பொடி, ஊறுகாய்ப் புட்டி ஆகிய அனைத்தும் பெட்டியில் இடம் பெறுகின்றன. ஒன்று மட்டும் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. தனக்கு வேண்டிய சோற்றைத் தானே பொங்கிக்கொள்ளும் திறன்தான் அது. ஆண்பிள்ளைகளின் பெட்டியில் அதை வைத்தனுப்பும் வழக்கம் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை.

இக்குறை எவ்வளவு பெரியது என்பது பெங்களூரு போன்ற ஒரு நகரில் இறங்கிய சில நாட்களிலேயே தெரிந்துவிடுகிறது. முதல் வாரம் உணவு விடுதிச் சாப்பாடு சுவையாகவே இருக்கும். இரண்டாம் வாரம் சாம்பாரில் வெல்லம் இனிப்பது உறைக்கத் தொடங்கும். மாதக் கடைசியில் கைப்பணம் கரைந்திருக்கும்; வயிறும் முறையிடும். தொலைபேசியில் "சாப்பிட்டாயா?" என்று தாய் கேட்கும்போது, இரவு இரண்டு ரொட்டித்துண்டுகளோடு படுக்கப் போகும் மகன் "சாப்பிட்டேன் அம்மா" என்று பொய் சொல்வான். அந்தப் பொய்யின் பின்னே பசி மட்டுமன்று, தனிமையும் இருக்கிறது.

பெங்களூருவின் வடபகுதியான எலகங்காவில் ஒரு வாடகை வீட்டை அறிவேன். தூத்துக்குடி, திண்டுக்கல், கும்பகோணம், மார்த்தாண்டம் என நான்கு ஊர்களிலிருந்து வந்த நான்கு இளைஞர்கள் அதில் குடியிருந்தார்கள். நால்வரும் வெவ்வேறு அலுவலகங்களில் வேலை பார்த்தவர்கள். ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர்கள். வாடகையைப் பங்கிடவே ஒன்று சேர்ந்தார்கள். அவர்களை நண்பர்களாக்கியது ஓர் அடுப்பு.

கடைத்தெருவில் ஒரு பள்ளிக்கூடம்

சமையலின் முதற்பாடம் அடுப்பங்கரையில் தொடங்கவில்லை. மளிகைக் கடையில் தொடங்கியது. தூத்துக்குடித் தம்பி கடைக்குச் சென்று "அரிசி" என்றார். கடைக்காரர் தலையசைத்து மஞ்சள்தூள் பொட்டலத்தை எடுத்து வைத்தார். கன்னடத்தில் மஞ்சளுக்கு "அரிசின" என்று பெயர். அரிசிக்கோ "அக்கி" என்று பெயர். இருவரும் சிரித்து முடித்தபோது, புதிய மொழியில் இரண்டு சொற்கள் சொந்தமாகிவிட்டன.

பிறகு பாடங்கள் விரைந்து ஏறின. பழங்கன்னடத்தில் பகரத்தில் தொடங்கிய சொற்கள் பல, பின்னாளில் ஹகர ஒலி பெற்றன. இந்த ஒன்றை நினைவிற் கொண்டால் தமிழனுக்குப் பாதிக் கடைத்தெரு திறந்துவிடும். பால் அங்கே "ஹாலு", பூ "ஹூவு", பழம் "ஹண்ணு". புளிப்பு "ஹுளி"; அதே சொல் சாம்பார் போன்ற குழம்புக்கும் பெயர். ஆனால் ளகரத்தை மறந்து "ஹுலி" என்றால் அது காட்டுப் புலி! கடையில் கேட்க வேண்டிய புளிக்கோ "ஹுணசெ ஹண்ணு" என்று பெயர். துவரம்பருப்பு "தொகரி பேளெ" ஆயிற்று. கீரை "சொப்பு" ஆயிற்று.

ஞாயிறுகளில் நால்வரும் சிவாஜி நகருக்குப் போவதுண்டு. 1927-இல் கட்டப்பட்ட ரஸல் மார்க்கெட் அங்குதான் இருக்கிறது. அதனருகே புனித மரியன்னை பேராலயம் உள்ளது. சுற்றிலும் தமிழ் ஒலிக்கும் அத்தெருக்களில் ஊர் ஞாபகம் சற்றே ஆறும். மற்ற நாட்களில் ஹாப்காம்ஸ் என்னும் தோட்டக்கலை விவசாயிகளின் கூட்டுறவுக் கடை கைகொடுத்தது. விலைப்பலகையில் எழுதியிருப்பதால் பேரம் பேசத் தெரியாத பிள்ளைகளுக்கு அது நல்ல இடம். மார்கழிக் குளிரில் மொச்சை இனமாகிய அவரைக்காய் குவியும் காலத்தில் ஊரே அதைத்தான் சமைக்கிறது, அவர்களும் உரித்தார்கள்.

வேகாத பருப்பின் காரணம்

வீட்டில் அம்மா சொன்னபடியே செய்தும் பருப்பு வேகவில்லை. இது சமைத்தவரின் குற்றமன்று, ஊரின் இயல்பு. பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்தது. உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறையும். தண்ணீர் முன்னதாகவே கொதித்துவிடும். தூத்துக்குடியில் 100 பாகையில் கொதிக்கும் நீர், இங்கே 97 பாகையளவிலேயே கொதிக்கிறது. ஆகவே திறந்த பாத்திரத்தில் பருப்பும் சோறும் வேகச் சற்று அதிக நேரம் பிடிக்கும். பிரஷர் குக்கர் நீராவியை அடைத்து வைத்து வெப்பத்தை 120 பாகை அளவுக்கு உயர்த்துவதால் இக்குறை அங்கே பெரிதும் தெரியாது.

இரண்டாவது காரணம் தண்ணீர். இந்நகருக்குக் காவிரி நீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேலேற்றிக் கொண்டுவரப்படுகிறது. அது போதாத இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரும் லாரித் தண்ணீரும்தான் கதி. 2024-ஆம் ஆண்டுக் கோடையில் நகரம் பட்ட தண்ணீர்ப் பாடு நாடறிந்தது. ஆழ்துளை நீரில் சுண்ணச் சத்து மிகுந்திருந்தால் பருப்பின் தோலும் சதையும் எளிதில் இளகா. முன்கூட்டியே அரைமணி நேரம் ஊறவைப்பதும், குடிநீரிலேயே பருப்பை வேகவைப்பதும் இதற்குப் பரிகாரம்.

மூன்றாவது காரணத்தை அடுத்த வீட்டு மூதாட்டி கண்டுபிடித்தார். நால்வரும் அவரை "அஜ்ஜி" என்றே அழைத்தார்கள். கன்னடத்தில் பாட்டி என்று பொருள். பருப்போடு புளியையும் தக்காளியையும் ஒரே நேரத்தில் இட்டு வேகவைப்பதைப் பார்த்து அவர் தலையில் அடித்துக்கொண்டார். புளிப்பு சேர்ந்தால் பருப்பு இறுகும். முதலில் பருப்பு குழைய வேண்டும், புளி பிறகுதான். அன்று முதல் சாம்பார் சாம்பாராயிற்று.

நெருப்போடு விளையாட்டு வேண்டாம்

புதிதாகச் சமைப்போர் சுவையைவிடப் பாதுகாப்பை முதலிற் கற்க வேண்டும். பருப்பும் அரிசியும் பொங்கும் தன்மையுடையவை; ஆதலால் குக்கரில் பாதிக்குமேல் நிரப்பலாகாது. ஆவி முழுவதும் அடங்குமுன் மூடியை வலிந்து திறக்கலாகாது. ஆவி வெளிப்படும் துளையில் அடைப்பில்லை என்பதை ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே பறந்துவிடாது. தரையோரம் தேங்கி நிற்கும். நாற்றம் தெரிந்தவுடன் மின்விளக்கைப் போடவோ அணைக்கவோ கூடாது. ரெகுலேட்டரை மூடிவிட்டு, கதவு சன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 1906 என்ற அவசர எண்ணை அழைக்க வேண்டும். நிலையான முகவரிச் சான்று இல்லாத இளைஞர்கள், கள்ளச்சந்தை உருளையை நாட வேண்டியதில்லை. அடையாள அட்டையைக் காட்டி 5 கிலோ சிறிய உருளையை முறையாகவே வாங்கலாம்.

மிஞ்சிய சோற்றைப் பற்றியும் ஒரு சொல். இரவு வடித்த சோற்றை அப்படியே வெளியில் வைத்து மறுநாள் மதியம் சூடாக்கி உண்பது நல்லதன்று. சோற்றில் வளரும் ஒருவகை நுண்கிருமியின் நஞ்சு, மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. ஆறியதும் இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைப்பதே முறை.

நான்கு நாக்கும் ஓர் உலையும்

அரிசி வாங்கத் தெரிந்துவிட்டது, பருப்பும் வெந்துவிட்டது. ஆயினும் கடினமான பாடம் இனிமேல்தான் இருந்தது. மார்த்தாண்டத்துத் தம்பிக்குத் தேங்காயெண்ணெய் மணக்க வேண்டும். திண்டுக்கல் தம்பிக்கு அந்த மணமே ஆகாது. தூத்துக்குடியாருக்கு மீன் இல்லாத ஞாயிறு ஞாயிறேயன்று; கும்பகோணத்தாரோ முட்டையும் தொடாதவர். ஒருவர் வெள்ளிக்கிழமை புலால் மறுப்பார், மற்றொருவர் சனிக்கிழமை. போதாக்குறைக்குப் பாத்திரம் கழுவும் முறை யாருடையது என்ற வழக்கு நாள்தோறும் நடந்தது. ஒரு முறை மூன்று நாள் ஒருவரோடொருவர் பேசாமலும் இருந்தார்கள்.

வழியையும் அவர்களே கண்டார்கள். சைவச் சமையலுக்கென ஒரு சட்டியும் கரண்டியும் தனியே ஒதுக்கப்பட்டன. மீனும் இறைச்சியும் கும்பகோணத்தார் வெளியே செல்லும் வேளையில் மட்டுமே சமைக்கப்பட்டன. சமைத்தவர் பாத்திரம் கழுவ வேண்டியதில்லை என்பது சட்டமாயிற்று. செலவுக் கணக்கு ஒரே நோட்டில், அன்றன்றே எழுதப்பட்டது. சிறு ஏற்பாடுகள்தாம், ஆனால் பிறர் மனம் நோகாமல் வாழும் கலையை இவற்றைவிட நன்றாக எந்த வகுப்பறை கற்பிக்கும்?

அந்த ஆண்டு மழைக்காலத்தில் திண்டுக்கல் தம்பிக்கு டெங்குக் காய்ச்சல் கண்டது. மருத்துவமனையிலிருந்து திரும்பியபின் பத்து நாட்கள் எழுந்து நடமாட இயலவில்லை. ஊரில் தந்தை நோயாளி. தாய் அவரை விட்டு வர முடியாத நிலை. மூவரும் அலுவலக நேரத்தை மாற்றிக்கொண்டு, ஒருவர் மாற்றி ஒருவர் வீட்டிலிருந்தார்கள். கஞ்சி வைத்தவர் கும்பகோணத்தார். ரசம் வைத்தவர் தூத்துக்குடியார். அஜ்ஜி ராகிக் கூழ் காய்ச்சிக் கொடுத்து, ஒவ்வொரு மாலையும் வாசலில் நின்று "ஊட்ட ஆய்த்தா?" என்று கேட்டார். "சாப்பாடு ஆயிற்றா?" என்பதே அதன் பொருள். தாய் கேட்கும் அதே கேள்விதான். இம்முறை அதற்குப் பொய் சொல்லத் தேவையிருக்கவில்லை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

பெற்றோரே! மகளுக்குச் சமையல் கற்பிப்பது கடமையென எண்ணும் நாம், மகனை மட்டும் அடுப்பங்கரையிலிருந்து விலக்கி வைப்பது அன்பாகாது. பள்ளி இறுதி வகுப்பு முடிந்த விடுமுறையே அதற்குப் போதும். சோறு வடித்தல், பருப்பு வேகவைத்தல், ஒரு குழம்பு, ஒரு ரசம், ஒரு பொரியல், நோயாளிக்கு ஒரு கஞ்சி ஆகிய இந்த ஆறும் தெரிந்தால் எந்த நகரிலும் அவன் பட்டினி கிடக்கமாட்டான். நாளை மணமாகி மனைவியும் வேலைக்குச் செல்பவளாயின், இல்லறச் சுமையைப் பகிரவும் அவனுக்குத் தெரிந்திருக்கும்.

இளைஞர்களே! புதிய நகரில் நண்பர் கிடைக்கவில்லையே என்று வருந்தாதீர்கள். ஒரு பிடி அரிசி கூடுதலாகப் போடுங்கள். அடுத்த அறைக் கதவைத் தட்டுங்கள். சோறு சற்றுக் குழைந்திருந்தாலும் பரவாயில்லை. சேர்ந்து உண்பவர்கள் அந்நியர்களாக நெடுநாள் இருப்பதில்லை.