தேய்ந்த மூட்டு மீண்டும் தழைக்குமா?



கடந்த சில மாதங்களாக எங்களுக்கு வரும் கடிதங்களில் ஒரே கேள்வி பலவிதமாகக் கேட்கப்படுகிறது. "முழங்காலில் ஸ்டெம் செல் ஊசி போட்டால் தேய்ந்த ஜவ்வு மறுபடி வளர்ந்துவிடும் என்கிறார்களே, உண்மையா? உண்மையானால் எங்கள் காணிக்கையை அந்த ஆராய்ச்சிக்கே அனுப்பலாமா?" ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு வரியில் சொல்லிவிட முடியாத கேள்வி இது. ஆகவே இந்த இதழில் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

உங்களில் சிலர் திருவக்கரைக்குப் போயிருப்பீர்கள். திண்டிவனத்திலிருந்து மயிலம் வழியாகப் புதுச்சேரி செல்லும் சாலையிலிருந்து பிரிந்து போகவேண்டும். வக்கிரகாளி அம்மன் சந்நிதி இருக்கும் சந்திரமௌலீசுவரர் கோவிலுக்குப் பௌர்ணமிதோறும் கூட்டம் வரும். ஊருக்கு வெளியே கல்மரப் பூங்கா இருக்கிறது. சுற்றிலும் கருங்கல் குவாரிகளும் ஜல்லி கிரஷர்களும். அந்தப் பக்கத்தில் மருத்துவ முகாம் நடத்தினால் காய்ச்சல், இருமலைவிட முழங்காலைக் காட்டுகிறவர்களே அதிகம். பாரம் தூக்கிய ஆண்கள் ஒரு பக்கம். குத்துக்காலிட்டுக் களை எடுத்தும் மணிலா பிடுங்கியும் வயதான பெண்கள் ஒரு பக்கம்.

அப்படி ஒரு முகாமில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மாள், புடவை முந்தானையில் முடிந்துவைத்திருந்த மருந்துச் சீட்டை எங்கள் மருத்துவரிடம் நீட்டினார். ஏதோ ஒரு நகரத்தில் மூன்று ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார். அதற்காகக் காதுத்தோடும் மகளுடைய சங்கிலியும் அடகுக்குப் போயிருக்கின்றன. "ஊசி போட்டா ஜவ்வு முளைக்கும்னு சொன்னாங்க, டாக்டரம்மா. ஒரு வருசம் ஆச்சு. முளைச்சிருக்கான்னு படம் எடுத்துப் பார்த்துச் சொல்லுங்க" என்றார். எக்ஸ்ரே படத்தில் மேல் எலும்பும் கீழ் எலும்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. முளைத்ததற்கு அடையாளம் எதுவும் இல்லை.

ஏன் முளைக்கவில்லை என்பதைப் புரிந்துகொள்ள, குருத்தெலும்பு எப்படிப்பட்டது என்று பார்க்கவேண்டும். ஊரில் நாம் ஜவ்வு என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு மூன்று வெவ்வேறு உறுப்புகள் அடக்கம். எலும்பையும் எலும்பையும் கட்டிவைக்கும் நாரும் ஜவ்வுதான், எலும்பு முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பும் ஜவ்வுதான். இங்கே நாம் பேசுவது போர்வையைப் பற்றி. கோழிக்காலைச் சமைக்கும்போது எலும்பின் நுனியில் நீலம் கலந்த வெண்மையாய், வழுவழுப்பாய் இருக்குமே, அதுதான். மனிதனுடைய முழங்காலில் இதன் தடிமன் சில மில்லிமீட்டர். எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும் பொருளைக் கட்டிக்காப்பது கொலாஜன் என்னும் நார்ப் பின்னல். படியேறும்போது உடல் எடையைப் போல மூன்று மடங்கு பாரத்தை இந்த மெல்லிய போர்வைதான் தாங்குகிறது.

இதற்கு இரத்தக் குழாய் கிடையாது. நரம்பும் கிடையாது. நரம்பு இல்லாததால் தேய ஆரம்பிக்கும்போது வலிப்பதில்லை. வலி தெரிகிற நாளில் பெரும்பாலும் அடியிலுள்ள எலும்பும் சுற்றியுள்ள உறையும் பாதிக்கப்பட்டிருக்கும். இரத்தக் குழாய் இல்லாததால், தோலில் காயம்பட்டால் ஓடிவந்து ஆற்றுகிற சரக்குகள் ஒன்றும் இங்கே வந்து சேருவதில்லை. குருத்தெலும்புக்குள் இருக்கும் உயிரணுக்களோ மிகச் சொற்பம்; அவையும் தனித்தனி அறைகளில் அடைபட்டு, நகர முடியாமல் இருக்கின்றன.

1950களிலும் 60களிலும் வல்லரசுகள் திறந்தவெளியில் அணுகுண்டுச் சோதனை நடத்தியபோது காற்றில் ஒருவகைக் கதிரியக்கக் கரி அதிகமாயிற்று. உணவின் வழியே அது எல்லோருடைய உடம்பிலும் சேர்ந்தது. அந்த அடையாளத்தை வைத்து, உடலின் ஒரு பகுதி எந்த ஆண்டில் உருவானது என்று கணக்கிட முடிகிறது. டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் முழங்கால் குருத்தெலும்பை இப்படிப் பரிசோதித்து 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். வளர்ந்து ஆளானபிறகு அதன் கொலாஜன் புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று சொல்லும் அளவுக்கு அது பழையதாக இருந்தது. மூட்டுத் தேய்மானம் வந்தவர்களிடமும் அப்படியே. இருபது வயதில் இருந்த அதே நாரைத்தான் எண்பது வயதிலும் நாம் தேய்த்துக்கொண்டிருக்கிறோம். இலண்டன் மருத்துவர் வில்லியம் ஹன்டர் 1743-லேயே, அழிந்த குருத்தெலும்பு திரும்ப வருவதில்லை என்று எழுதிவைத்தார். பின்வந்த விஞ்ஞானம் அவரை மறுக்கவில்லை.

அப்படியானால் ஒன்றுமே வளராதா என்றால், ஏதோ ஒன்று வளரும். இங்கேதான் திருவக்கரைக் கல்மரம் எங்கள் நினைவுக்கு வருகிறது. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு மணலில் புதைந்த மரங்கள் அவை. 1781-ல் சொன்னரா என்ற ஐரோப்பியர் அவற்றைப் பற்றி எழுதினார். மண்ணுக்குள் ஊறிய நீரில் கரைந்திருந்த சிலிகா, மரத்தின் நுண்ணறைகளில் சிறிது சிறிதாகப் புகுந்து மரத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இன்று பார்த்தால் வளையம் தெரிகிறது, கணு தெரிகிறது. கோடாலியால் ஒரு போடு போட்டால் தெரியும், அது மரமல்ல. மூட்டிலும் இதேபோல் நடக்கிறது. குருத்தெலும்புக்கு அடியிலுள்ள எலும்பில் சிறு துளைகள் போட்டால் இரத்தம் கசிந்து, அந்தப் பள்ளத்தில் ஒரு தழும்பு நிரம்பும். 1980களிலிருந்து இந்த அறுவைச் சிகிச்சை பரவலாயிற்று. படத்தில் பார்த்தால் பள்ளம் மூடியிருக்கும். ஆனால் நிரம்பியிருப்பது வேறுவகைக் கொலாஜனால் ஆன முரட்டு நார். பழைய வழுவழுப்பும் பாரம் தாங்கும் குணமும் அதற்கு இல்லை. சில ஆண்டுகளில் அது பிய்ந்துபோவது சகஜம். "வளர்ந்துவிட்டது" என்று யாராவது சொன்னால், வளர்ந்தது எது என்று கேட்கவேண்டும்.

உண்மையான குருத்தெலும்பை உண்டாக்கும் முயற்சியில் முதல் பெரிய அடி ஸ்வீடன் நாட்டின் கோதன்பர்க் நகரில் 1987-ல் எடுத்துவைக்கப்பட்டது. நோயாளியின் மூட்டில் பாரம் விழாத ஓர் ஓரத்திலிருந்து சிறு துணுக்கு எடுத்து, அதிலுள்ள உயிரணுக்களை ஆய்வுக்கூடத்தில் சில வாரங்கள் பெருக்கி, பள்ளத்தில் திரும்ப வைத்துத் தைத்தார்கள். 1994-ல் முதல் 23 பேரின் விவரத்தை வெளியிட்டார்கள். தொடை எலும்பு முனையில் வைத்த 16 பேரில் 14 பேருக்கு நல்ல குணம். முழங்கால் சில்லில் வைத்த 7 பேரில் 2 பேருக்குத்தான் குணம். இரண்டையும் மறைக்காமல் எழுதினார்கள். பத்து முதல் இருபது ஆண்டுகள் கழித்து விசாரித்தபோது பதிலளித்த 224 பேரில் 92 சதவிகிதத்தினர், மறுபடி செய்யவேண்டியிருந்தாலும் செய்துகொள்வோம் என்றார்கள். இங்கிலாந்தில் அரசு மருத்துவத் திட்டத்தில் இச்சிகிச்சையைச் சேர்க்க 2017-ல் பரிந்துரை வந்தது. ஆனால் யாருக்கு? விளையாட்டிலோ விபத்திலோ ஓரிடத்தில் மட்டும் பள்ளம் விழுந்து, சுற்றிலும் குருத்தெலும்பு நன்றாக இருக்கிற, வயது குறைந்தவர்களுக்கு. தார்ச்சாலையில் விழுந்த ஒரு பள்ளத்தை ஒட்டுப்போடலாம். சாலை முழுவதும் பெயர்ந்துபோனால் ஒட்டு எதில் பிடிக்கும்? அந்த அம்மாளின் முழங்கால் இரண்டாம் வகை.

இனி மூல உயிரணுவுக்கு, அதாவது ஸ்டெம் செல்லுக்கு வருவோம். அதற்கு நல்ல பெயர் வாங்கிக்கொடுத்தது இரத்த நோய்ச் சிகிச்சைதான். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986-லேயே எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தொடங்கிவிட்டது. மஜ்ஜையிலுள்ள மூல உயிரணு இரத்தத்தை உண்டாக்கும் என்பதில் சந்தேகமே இல்லை, அது அதன் இயல்பான வேலை. மூட்டில் போட்டால் குருத்தெலும்பாகுமா என்பது வேறு கேள்வி. இந்தக் கேள்விகளுக்காகவே மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் அக்கல்லூரியும் சேர்ந்து 2005-ல் மூல உயிரணு ஆராய்ச்சி மையத்தை நிறுவின. குழந்தைகள் எலும்பு சிகிச்சை நிபுணர் விருஷா மாதுரி தலைமையில் அங்கே குருத்தெலும்பைப் பற்றிய ஆராய்ச்சி நடந்திருக்கிறது. குழந்தைகளின் எலும்பு நுனியில் வளர்ச்சித் தட்டு என்ற குருத்தெலும்பு உண்டு. அடிபட்டோ சீழ்பிடித்தோ அது கெட்டுப்போனால் கால் வளைந்து, குட்டையாகிவிடும். இதற்கு உயிரணுச் சிகிச்சை கைகொடுக்குமா என்று விலங்குகளில் பார்த்து, பிறகு எச்சரிக்கையோடு முன்னேறும் வேலை அது.

வேலூரின் இன்னொரு வேலையும் மூட்டைத் தொடுகிறது. ஹீமோஃபிலியா உள்ள பிள்ளைகளுக்கு இரத்தம் உறைவதில்லை. முழங்காலுக்குள் திரும்பத் திரும்ப இரத்தம் கசிந்து, இருபது வயதிலேயே மூட்டு கிழவனுடையதைப் போலாகிவிடும். 2024 டிசம்பரில் வேலூர்க் குழுவினர், நோயாளியின் சொந்த மூல உயிரணுக்களில் குறைபட்ட மரபணுவைச் சேர்த்துத் திரும்பச் செலுத்திய ஐந்து பேரைப் பற்றி அறிவித்தார்கள். கண்காணித்த காலத்தில் ஐவருக்கும் இரத்தக் கசிவு ஏற்படவில்லை. ஆனாலும், ஏற்கெனவே கெட்ட மூட்டை இது திருப்பித் தருவதில்லை. இனிமேல் கெடாமல் தடுக்கிறது.

முதியோரின் தேய்ந்த முழங்காலுக்கு ஊசி போடுவதைப் பற்றிப் பெரிய சோதனைகள் நடந்துவிட்டன. சொந்த இரத்தத்திலிருந்து பிரித்த பிளேட்லெட் ஊசியை 288 பேரில் ஆஸ்திரேலியர்கள் பரிசோதித்து 2021-ல் முடிவு சொன்னார்கள். ஒரு பாதிப்பேருக்கு அந்த ஊசி, மறு பாதிக்கு வெறும் உப்புநீர். ஓராண்டு கழித்து வலியிலும் குருத்தெலும்பின் அளவிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அமெரிக்காவில் 475 பேரில் மூன்றுவகை உயிரணு ஊசிகளைச் சாதாரண ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்டு 2023-ல் வெளியிட்டார்கள். ஓராண்டு முடிவில் எதுவும் ஸ்டீராய்டை மிஞ்சவில்லை. நம் நாட்டில், மற்றவர் கொடுத்த மஜ்ஜையிலிருந்து தயாரித்த ஓர் உயிரணு ஊசிக்கு 2022-ல் அரசு அனுமதி கிடைத்தது. 146 பேரில் நடந்த அந்தச் சோதனையில் நடுத்தரத் தேய்மானம் உள்ளவர்களுக்கு வலி குறைந்தது உண்மை. குருத்தெலும்பின் அளவு குறிப்பிடும்படி கூடவில்லை. வலி குறைவதும் ஒரு நன்மையே, அதை நாங்கள் அலட்சியமாகச் சொல்லவில்லை. ஆனால் வலி குறைந்தது என்பதும் முளைத்தது என்பதும் ஒன்றல்ல.

மேலே சொன்ன அமெரிக்கச் சோதனைக்குப் பணம் கொடுத்தது ஒரு தரும அறக்கட்டளை. ஊசியை விற்கிறவர், தம் ஊசி பயன்படவில்லை என்று நிரூபிக்கச் செலவு செய்யமாட்டார். விற்பதற்கு ஒன்றுமில்லாதவர்தான் அந்தச் செலவைச் செய்யமுடியும். "வேலை செய்யவில்லை" என்ற பதிலும் காணிக்கைக்குக் கிடைத்த பலன்தான் என்று நன்கொடையாளர்களிடம் சொல்ல எங்களுக்குச் சற்றுத் தயக்கமாகவே இருக்கிறது. என்றாலும் அந்தப் பதில் முன்பே இங்கே வந்து சேர்ந்திருந்தால், ஒரு ஜோடி தோடு அடகுக்கடைக்குப் போயிருக்காது.

"ஆம்" என்ற பதிலும் தருமப் பணத்தால் வந்திருக்கிறது. கை விரல்களையெல்லாம் முடக்கும் ருமட்டாய்டு மூட்டுவாதம் தேய்மானத்தால் வருவதல்ல, உடலின் காவல்படையே மூட்டைத் தாக்குவதால் வருவது. இலண்டனில் தரும நிதியில் நடந்த கென்னடி ஆராய்ச்சி நிலையத்தில் மார்க் ஃபெல்ட்மனும், லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும் அந்தத் தாக்குதலைத் தூண்டும் ஒரு பொருளைக் கண்டுபிடித்தார்கள். அதைத் தடுக்கும் மருந்தை 1992-ல் முதன்முதலாக நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். உலகெங்கும் மூட்டுவாதச் சிகிச்சை அதனால் மாறியது. அந்தக் கண்டுபிடிப்பின் உரிமைத்தொகை அறக்கட்டளைக்கு வந்து, மறுபடி ஆராய்ச்சிக்கே செலவாகிறது.

ஆகவே கொடுக்கலாமா என்று கேட்டவர்களுக்கு எங்கள் பதில்: கொடுக்கலாம், சில கேள்விகள் கேட்டபிறகு. சோதனை அரசுப் பதிவேட்டில் பதிவாகியிருக்கிறதா? நெறிமுறைக் குழுவின் அனுமதி உண்டா? நோயாளியிடம் பணம் வாங்குகிறார்களா? சோதனை என்று சொல்லிக்கொண்டு நோயாளியிடம் கட்டணம் வசூலித்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைப்படி, அனுமதி பெறாத மூல உயிரணுச் சிகிச்சையை முறையான சோதனைக்கு வெளியே கொடுப்பதே தவறு. உங்கள் பணத்தின் பெரும்பகுதி போகும் இடமும் நுண்ணோக்கிப் படம்போல் கவர்ச்சியாக இராது. கிருமி நுழையாத அறையைப் பராமரிப்பது, ஐந்தாம் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலும் நோயாளியைத் தேடிப் பிடித்துத் திரும்பப் பரிசோதிப்பது, குவாரிக்குப் போகாமல் பரிசோதனைக்கு வந்த ஒருவருக்கு அன்றைய கூலியும் பஸ் சார்ஜும் கொடுப்பது, இவற்றுக்குத்தான் போகும். இது இல்லாமல் மற்றதெல்லாம் வீண்.

அந்த அம்மாளிடம் எங்கள் மருத்துவர் படத்தைக் காட்டி உள்ளதைச் சொன்னார். தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சியை நாற்காலியில் உட்காரவைத்துச் செய்துகாட்டினார். காலை நீட்டி, ஐந்து எண்ணும்வரை பிடித்து, மெதுவாக இறக்கவேண்டும். தேய்ந்த மூட்டுக்கு இது வலியைக் குறைக்கும் என்பதற்குப் பல சோதனைகளின் ஆதாரம் இருக்கிறது, செலவும் கிடையாது. வலிக்கிற காலுக்கு எதிர்க்கையில் கோல் பிடிக்கச் சொன்னார். நாங்கள் பார்த்தவரை எல்லோரும் வலிக்கிற பக்கத்துக் கையில்தான் பிடிக்கிறார்கள். கீழே உட்காருவதைக் குறைக்கச் சொன்னபோது, "களை எடுக்க நாற்காலி போட்டுக்கவா?" என்று கேட்டுச் சிரித்தார். மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சைக்கு மாநிலக் காப்பீட்டு அட்டையில் வழி இருக்கிறதா என்று விசாரிக்க அவர் மகனுடைய பெயரைக் குறித்துக்கொண்டோம். மகன் அடுத்த முகாமுக்கு அட்டையோடு வந்தான். அம்மாளும் வந்திருந்தார், கோலை இடது கையில் பிடித்தபடி.