குடும்பப் பராமரிப்பாளர்

குடும்பப் பராமரிப்பாளர் என்பவர் நோயுற்ற, மாற்றுத்திறனாளியான அல்லது முதுமையால் தளர்ந்த உறவினரை ஊதியமின்றி வீட்டில் கவனித்துக்கொள்பவர். தாய், மனைவி, மகள், மருமகள் ஆகியோரே பெரும்பாலும் இப்பொறுப்பை ஏற்கின்றனர். கணவர்களும் மகன்களும் பள்ளிப் பிள்ளைகளும்கூட ஏற்பதுண்டு. "அவங்கதான் பார்த்துக்கிறாங்க" என்று வீடுகளில் ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். அந்த வரிக்குள் இருக்கும் உழைப்பு கணக்கில் வருவதில்லை.

பணியின் தன்மை

பக்கவாதத்தால் எழ முடியாமல் கிடப்பவரைச் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தவறினால் படுக்கைப் புண் வரும். டயாலிசிஸ் செய்துகொள்பவர் வழக்கமாக வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம் ஆகும். காட்டுமன்னார்கோயில் பக்கத்துச் சிற்றூரிலிருந்து சிதம்பரம் அண்ணாமலை நகரிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, பண்ருட்டிப் பக்கமிருந்து கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ துணைக்கு வருபவருக்கு, பேருந்துப் பயணத்தோடு சேர்த்து ஒரு நாளே போய்விடும். நடவுக்கோ களையெடுப்புக்கோ செல்பவர் அன்றைய கூலியையும் இழக்கிறார்.

இப்படி ஆண்டுக்கணக்கில் தொடரும்போது முதுகுவலி, தூக்கமின்மை, மனச்சோர்வு ஆகியவை பராமரிப்பாளரைப் பற்றுகின்றன. இச்சுமையை அளக்க ஸ்டீவன் சாரிட் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1980இல் ஒரு வினாப்பட்டியலை உருவாக்கினர். அது இன்றும் பல நாடுகளில் பயன்படுகிறது.

சட்டமும் உதவிகளும்

இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பெற்றோரும் பிற குடும்பத்தினரும் உட்பட, ஊதியம் பெற்றோ பெறாமலோ மாற்றுத்திறனாளிக்கு உதவுபவரைப் 'பராமரிப்பாளர்' என வரையறுக்கிறது. தமிழ்நாட்டில் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் உள்ளிட்ட சில பிரிவினருக்கான பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. சாதாரண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளியோடு துணையாக வரும் ஒருவருக்கும் 2021 முதல் கட்டணம் இல்லை. இவற்றுக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை தேவை. பக்கவாதத்தால் நிலையாக முடங்கியவரும் இதற்கு விண்ணப்பிக்கலாம் என்பது பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விவரம் கேட்டறியலாம்.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் செவிலியரும் இயன்முறை சிகிச்சையாளரும் வீட்டுக்கே வருகின்றனர். அவர்கள் வரும்போது நோயாளியைத் தூக்கும் முறை, புரட்டும் முறை, புண்ணைத் துடைக்கும் முறை ஆகியவற்றைச் செய்துகாட்டச் சொல்லிக் கற்றுக்கொள்வது நல்லது. மனம் சோர்ந்தால் 14416 என்ற டெலி மனாஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

பிரிட்டன் 1976இல் பராமரிப்பாளருக்கென்றே ஓர் உதவித்தொகையைத் தொடங்கியது. ஆனால் மணமான பெண்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்று கருதி, 1986 வரை அவர்களுக்கு அதை வழங்கவில்லை. நம் வீடுகளிலும் இந்த எண்ணம் உண்டு.

பாராட்டுவது எப்படி?

"நீ பொறுமைசாலி, உன்னால்தான் முடியும்" என்று உறவினர்கள் மனமாரச் சொல்கின்றனர். ஆனால் அதைக் கேட்டபின் "என்னால் முடியவில்லை" என்று சொல்ல அவருக்கு வாய் வராது. பாராட்டு வார்த்தையோடு நில்லாமல், கீழ்க்கண்ட உதவிகளாகவும் அமைய வேண்டும்:

- வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம் நோயாளியின் அருகில் இருந்து, பராமரிப்பாளரைத் தூங்கவோ வெளியே சென்றுவரவோ விடுதல்.
- மருத்துவமனைக்கு ஒருமுறை மாற்றாகச் செல்லுதல்.
- வெளியூரில் இருக்கும் உடன்பிறந்தோர் மாதாமாதம் செலவில் பங்கேற்றல். விடுமுறைக்கு வரும்போது பொறுப்பை முழுமையாக ஏற்றல்.
- நலம் விசாரிக்க வருவோர் நோயாளியோடு பராமரிப்பாளரையும் "நீங்கள் சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா?" என்று கேட்டல்.

ஆசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. தாமதமாக வரும் மாணவரும் வகுப்பில் தூங்கிவிழும் மாணவரும் இரவெல்லாம் தாத்தாவுக்கோ தாய்க்கோ துணையிருந்தவராக இருக்கலாம். தண்டிக்கும் முன் வீட்டு நிலைமையைத் தனியே அழைத்துக் கேட்க வேண்டும்.