அகாதமி ஜூலியன்

அகாதமி ஜூலியன் என்பது பிரான்ஸ் நாட்டின் தலைநகரான பாரிஸில் 1860களில் தொடங்கப்பட்ட தனியார் கலைப் பள்ளியாகும். ரொதோல்ஃப் ஜூலியன் என்னும் ஓவியர் இதனை நிறுவினார். அரசு கலைப் பள்ளியில் இடம் பெற இயலாத வெளிநாட்டினரையும் பெண்களையும் சேர்த்துக்கொண்டதால், 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸுக்கு ஓவியம் பயில வந்த அயல்நாட்டு மாணவர்கள் பலர் இங்கு கற்றனர்.

பின்னணி

அக்காலத்தில் பாரிஸ் ஐரோப்பியக் கலையின் மையமாகக் கருதப்பட்டது. அங்கு நடைபெற்ற சலோன் என்னும் கண்காட்சியில் ஓர் ஓவியம் இடம்பெற்றால், அதனை வரைந்தவருக்குச் சொந்த நாட்டிலும் மதிப்பு உயர்ந்தது. அரசின் எக்கோல் தே போசார் பள்ளியில் கல்வி இலவசமாக வழங்கப்பட்டது. ஆயினும் அதன் நுழைவுத் தேர்வு கடினமானது. பிரெஞ்சு மொழி அறியாதோருக்கு அது பெருந்தடையாக இருந்தது. பெண்கள் 1897 வரை அங்கு சேர்க்கப்படவில்லை. ஜூலியனின் பள்ளியிலோ நுழைவுத் தேர்வு இல்லை. கட்டணம் செலுத்தியோர் சேரலாம்.

கற்பித்தல் முறை

உயிருள்ள மனித உருவத்தைப் பார்த்து வரைவதே பயிற்சியின் அடிப்படையாகும். மாணவர்கள் நாள்தோறும் தாமாகவே வரைவர். ஆசிரியர்கள் வாரத்தில் ஓரிரு முறை வந்து ஒவ்வொருவரின் படத்தையும் பார்த்துத் திருத்தங்கள் கூறுவர். வில்லியம் புகரோ, ஜூல் லெஃபெவ்ர், ஜான் போல் லொரான்ஸ் முதலிய புகழ்பெற்ற ஓவியர்கள் இவ்வாறு கற்பித்தனர். இவர்கள் சலோன் வட்டாரத்தில் செல்வாக்குப் பெற்றவர்கள் என்பதும் மாணவர்களை ஈர்த்தது.

பெண் மாணவர்கள்

ஆடையற்ற மனித உருவத்தை வரையும் பயிற்சி பெண்களுக்கு வேறு இடங்களில் கிடைப்பது அரிதாக இருந்தது. இங்கு அவர்களுக்கெனத் தனிக் கூடங்கள் அமைக்கப்பட்டன. எனினும் ஆண்களைப் போல் ஏறத்தாழ இருமடங்கு கட்டணம் அவர்களிடம் பெறப்பட்டது.

இன்றைய உக்ரைன் பகுதியில் பிறந்த மரீ பஷ்கிர்த்செஃப் 1877 இல் இங்கு சேர்ந்தார். பெண்கள் கூடத்தில் மாணவியர் வரைந்துகொண்டிருக்கும் காட்சியை 1881 இல் ஓவியமாகத் தீட்டினார். அரசுப் பள்ளி பெண்களைச் சேர்க்க வேண்டும் என்று புனைபெயரில் இதழில் எழுதினார். காச நோயால் 1884 இல், 25 ஆம் வயதில் இறந்ததால், அக்கோரிக்கை நிறைவேறியதை அவர் காணவில்லை. செருமானியக் கலைஞர் கேத்தே கோல்விட்ஸ் 1904 இல் இங்கு சிற்பம் பயின்றார்.

வெளிநாட்டு மாணவர்கள்

அமெரிக்காவிலிருந்து ஏராளமானோர் வந்தனர். அவர்களுள் ஹென்றி ஒசாவா டானர் குறிப்பிடத்தக்கவர். ஆப்பிரிக்க அமெரிக்கரான இவர், தம் நாட்டில் நிலவிய நிறவெறியிலிருந்து விலகி 1891 இல் ஐரோப்பா வந்தார். ரோம் செல்லக் கருதியிருந்தவர், வழியில் பாரிஸிலேயே தங்கி இப்பள்ளியில் சேர்ந்தார். லாசரு உயிர்பெற்றெழுவதைக் காட்டும் இவரது ஓவியத்தைப் பிரெஞ்சு அரசு 1897 இல் வாங்கியது. இவர் பிரான்சிலேயே வாழ்ந்து 1937 இல் பாரிஸில் காலமானார்.

ஜப்பானிய ஓவியர் யசுய் சோதாரோ லொரான்ஸிடம் பயின்றார். இந்திய ஓவியர் ஜெகாங்கீர் சபாவாலா 1950களில் இங்கு கற்றார்.

பிற்காலம்

அரசுப் பள்ளி பெண்களுக்குத் திறக்கப்பட்டதும், கல்விசார் ஓவிய மரபின் செல்வாக்குக் குறைந்ததும் இப்பள்ளியின் தனித்தன்மையைக் குறைத்தன. நிறுவனர் ஜூலியன் 1907 இல் காலமானார். 1968 இல் இப்பள்ளி வேறொரு பாரிஸ் கலைப் பள்ளியுடன் இணைந்தது.