சேற்றுக்குள் ஒரு காந்தச் சங்கிலி

எழுவைதீவிலிருந்து உயர்தர வகுப்பு மாணவியொருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: காந்தத்தை எடுத்ததும் இரும்புத்தூள் சரிந்துவிடுகிறதே, துணிக்கைகள் தாமாக வரிசை கட்டாதா?

கட்டும். ஒவ்வொரு துணிக்கையும் தானே காந்தமாக இருந்தால், ஒன்றன் வடமுனை அடுத்ததன் தென்முனையைப் பிடிக்க, திரவத்துக்குள் பல்பகுதியம் போன்ற சங்கிலிகள் உருவாகும் என்று பௌதிகவியலாளர்களான டி ஜென்னும் பின்கஸும் 1970இல் கணித்துச் சொன்னார்கள். கல்பாக்கத்தில் ஜோன் பிலிப் குழுவினர் 2007இல், மக்னெற்றைற் துணிக்கைகள் கலந்த திரவத்தில் காந்தப்புலத்தால் இத்தகைய சங்கிலிகளை உண்டாக்கினர். வெப்பங்கடத்தும் திறன் 300 சதவீதம் வரை கூடியது.

எனக்குப் பிடித்த சங்கிலி சேற்றுக்குள் இருக்கிறது. அமெரிக்காவின் வூட்ஸ் ஹோல் பகுதிக் கடற்சேற்றில் றிச்சட் பிளேக்மோர் கண்டு 1975இல் அறிவித்த பற்றீரியாக்கள், கரைந்த இரும்பை உள்ளெடுத்து, நனோமீற்றர் அளவில் காந்தப் பளிங்குகள் செய்து வரிசையாக அடுக்குகின்றன. அந்த வரிசையே அவற்றின் திசைகாட்டி முள்.

காந்த விசையை மட்டும் நம்பினால் அந்த வரிசை நிலைக்காது. கூடவே ஒரு புரத இழை ஓடுகிறது. மாம்ஜே என்ற இன்னொரு புரதம் பளிங்குகளை அதில் பிணைக்கிறது. 2006இல் மாம்ஜேயை நீக்கிப் பார்த்தபோது பளிங்குகள் திரண்டு கட்டியாகிவிட்டன. அப்பாவின் வலையில் மேற்கயிறு அறுந்தால் மிதப்புகள் ஒரு மூலையில் குவிவது போலத்தான்.

வடக்கு நாடுகளில் பூமியின் காந்தக்கோடுகள் கீழ்நோக்கிச் சரிவதால், அவற்றைப் பிடித்து நீந்தினாலே இந்தப் பற்றீரியாக்கள் தாம் நாடும் ஒட்சிசன் குறைந்த சேற்றை அடையலாம். நமது கடலில் அது நடவாது. காந்த நடுக்கோடு இலங்கைக்கு மேலாகப் போகிறது. 1963இல் இந்தியா தும்பாவில் ரொக்கெட் ஏவத் தொடங்கியதும் அக்கோட்டை நாடித்தான். இங்கே காந்தமுள் ஏறக்குறையக் கிடையாகவே நிற்கும். ஆனாலும் நடுக்கோட்டருகே பிரேசிலின் போர்த்தலேசாவில் இவற்றைத் தேடியவர்கள், வடக்கு நோக்குவனவும் தெற்கு நோக்குவனவும் ஏறத்தாழச் சம அளவில் இருக்கக் கண்டு 1981இல் எழுதினார்கள். ஒட்சிசன் மிகுந்த மேல்நீருக்கு ஏறிவிடாமல் கிடையாக நீந்துவதே அங்கு நன்மை என்பது அவர்கள் விளக்கம்.

இப்படிப்பட்ட உயிர்கள் வாழக்கூடிய கரைச்சேற்றில்தான் பழைய இயந்திர எண்ணெயையும் பிளாஸ்டிக்கையும் கொட்டுகிறோம். இது பெரும் பிழை.

பிள்ளை, சேற்றையும் அதே கடல்நீரையும் ஒரு போத்தலில் எடுத்து, மங்கலான இடத்தில் சில வாரம் வையும். பிறகு சேற்றுக்குச் சற்று மேலே, போத்தலின் வெளிப்புறத்தில் ஒரு சட்டக்காந்தத்தைப் பொருத்தி, ஓரிரு மணி கழித்து அவ்விடத்து நீரில் ஒரு துளியைப் பாடசாலை நுணுக்குக்காட்டியில் பாரும். காந்தத்தைத் திருப்ப, கூடவே திரும்பும் புள்ளிகள் தெரிந்தால் வரைந்து அனுப்பும்.